லைன் கொடுத்தது யார்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் மூவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, உடம்பைப் பொறுத்தவரை அது பொய்யுமில்லை. கை நடுக்கம் நிற்கவில்லை, அதனால் உன் தங்கை எழுதுகிறாள். நான் சொல்வதை மட்டும் எழுது என்று சொல்லியிருக்கிறேன். (அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான், அண்ணா. என்னை அடைத்து வைத்தாலும் பேசுவேன்.) போனில் சொன்னால் நீ குறுக்கே விழுந்து சமாதானம் சொல்வாய், அதற்காகத்தான் கடிதம்.

என்னோடு கம்பம் ஏறிய நெட்டை மாமா செத்துப் போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. (அப்பா சொல்லாததை நான் சொல்கிறேன். நம் வீட்டில் லைன் என்ற சொல்லே செத்துவிட்டது. முன்பு ஒரு நாளைக்கு எத்தனை லைன். கரண்ட் போனால் லைன் போச்சு, தண்ணிக்கு லைனில் நில்லு, போனில் லைனிலேயே இரு, மாடி வீட்டுப் பையன் எனக்கு லைன் விடுகிறான், நான் நோட்டில் ரெண்டு லைன்கூட எழுதவில்லை என்று டீச்சர் புகார். எல்லாம் ஒரே சொல், அதற்கு மேல் நம் அப்பா லைன்மேன். இப்போது தண்ணிக் குழாயில் அம்மா வரிசை என்கிறாள். நேற்று வாய் தவறி நான் சொன்னதும் அப்பா தட்டில் கை கழுவிவிட்டார்.) என்னத்தை இவ்வளவு நேரம் எழுதுகிறாள் என்று தெரியவில்லை, போகட்டும்.

உனக்குப் போனில் சொன்னது பாதிதான். மீதியைக் கேள். அன்று அச்சகத்துப் பின்தெருவில் கம்பி அறுந்துவிட்டது, மழை. டிரான்ஸ்பார்மரில் மூன்று ஃபியூஸையும் நான் பிடுங்கி என் பையில் வைத்துக்கொண்டேன், நெட்டை தெருக்கோடிக் கம்பத்தில் ஏறினான். எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. ஏறுகிறவன் செருப்பைக் கம்பத்தடியில் கழற்றி வைப்பான், கீழே செருப்பு இருக்கிறவரை மேலே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். இருபது வருஷம் அந்தப் பழக்கத்தை நம்பித்தான் உயிர் பிழைத்தோம். அன்று அவன் போட்டு வந்தது புதுச் செருப்பு. மழையில் ஊறிவிடும் என்று பைக்குள் செருகிக்கொண்டு ஏறியிருக்கிறான். எனக்குக் கம்பத்தின் உச்சி தெரியவில்லை, மரம் மறைத்தது. அடியில் பார்த்தேன், செருப்பு இல்லை. இறங்கி டீ குடிக்கப் போய்விட்டான் என்று நினைத்தேன். தெருக்காரர்கள் எப்போ வரும் எப்போ வரும் என்று பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஃபியூஸைப் போட்டேன். நாற்பதடி நடந்து போய் அண்ணாந்து பார்த்திருக்கலாம். நடக்கவில்லை.

இன்ஜினியர் ஒரு தாள் டைப் அடித்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நெட்டை யாரிடமும் சொல்லாமல் தானாக ஏறினான் என்று அதில் இருக்கிறது. "செத்தவன் எழுந்து வந்து மறுக்கப்போறதில்ல, உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ், பொண்ணு வேற படிக்குது" என்றார். கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்று நீயும் போனில் சொன்னாய். தப்பு உன்மேல் இல்லை, உனக்கு மீதி தெரியாது. அதில் கையெழுத்துப் போட்டால் அவன் மனைவிக்கு வரவேண்டிய ஆபீஸ் வேலை வராது. போன வாரம் அவள் வந்தாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. "அண்ணே, சொல்லாம கொள்ளாம முக்குக் கடைக்குக்கூடப் போகாத மனுஷன், சொல்லாமயா கம்பத்துல ஏறினார்" என்று கேட்டாள். உன் அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். அதன் பிறகுதான் உன் அம்மாவிடமே நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. "போய்ச் சொல்லிடுங்க, இல்லன்னா இந்த வீட்டுச் சோறு எனக்கு இறங்காது" என்று மட்டும் சொன்னாள்.

வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. முதல் கேள்வியே லைன் கொடுத்தது யார் என்பதுதான். நான்தான் என்று சொல்லப்போகிறேன். வேலை போகும், போலீஸ் கேஸும் வரலாம் என்று யூனியன்காரர் சொன்னார். உன்னைக் கேட்கவில்லை, தெரிவிக்கிறேன். நீ லீவு போட்டுக்கொண்டு வர வேண்டாம். புது வேலை, பெயர் கெடும். தங்கை படிப்பு நிற்காமல் பார்த்துக்கொள். இன்ஜினியருக்குப் போன் போட்டுக் கெஞ்சாதே. யாராவது உன்னிடம் உன் அப்பா மேலே என்ன கேஸ் என்று கேட்டால் மழுப்பாமல் சொல். மழை நாளில் பைக்கை மெதுவாக ஓட்டு, யாருக்காகவும் அவசரப்பட்டு எதுவும் செய்யாதே. நீயும் உனக்குப் பிறக்கப்போகிறவர்களும் தலை நிமிர்ந்து வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். வாடகை வீட்டுச் சுவிட்சில் ஷாக் அடிக்கிறது என்றாயே, ஆளைக் கூப்பிட்டுக் காட்டு, நீ தொடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா

(அண்ணா, முழுவதையும் திருப்பிப் படித்துக் காட்டினேன், சரி என்றார். இந்தக் கடைசி அடைப்பை மட்டும் படிக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நான்தான் லைன் கொடுத்தேன், நான்தான் லைன் கொடுத்தேன் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் லைன் என்ற இடத்தில் குரல் நின்றுவிடுகிறது. வர வேண்டாம் என்று எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடு.)