வடிகான் மூடியில் என் சாம்பல்

செவ்வாய், இஷாத் தொழுகைக்குப் பின்.

பள்ளிவாசல் வடிகானுக்கு வார்த்த மூடிகள் சோதனையில் தாங்கின. சீமெந்தைக் குறைத்து, உமிச் சாம்பலும் சுட்ட மட்டி ஓட்டுப் பொடியும் சேர்த்த என் கலவை. அறிக்கையை நேற்றே என் ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியருக்கு அனுப்பிவிட்டேன். இன்று, மூடிகளை வார்த்துத் தந்த மேசன் ஹனீபா காக்காவுக்கு நன்றி சொல்லப் போனேன்.

சிரித்தார். "நீங்க அசர் தொழப் போன நேரம் ரெண்டு பேக் சீமெந்து கூடப் போட்டன் தம்பி. உமிய நம்பி ஆக்கள் நடக்கேலுமா? பள்ளி ஆக்களுக்கு முன்னால ஒங்கட மானம் போகப்படாதெண்டுதான்."

பரிவோடுதான் செய்திருக்கிறார். அதுதான் கசக்கிறது.

சாப்பிடும்போது வாப்பா அந்த மூடிகளைப் பற்றிப் பெருமையாகக் கதைத்தார். ஓம் என்றேன். பேராசிரியருக்கு உண்மையை எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பவில்லை. என் சாம்பல் தாங்குமா என்று எனக்கு இன்னும் தெரியாது.