இருட்டில் சொன்ன முதல் பேச்சு

அன்புள்ள மூத்தவனுக்கு அம்மா எழுதுவது.

உங்கப்பா போய்ச் சேர்ந்த அன்று காலை நான் எழுந்து வந்தபோது யார் யார் எங்கே நின்றீர்கள் என்று இன்னும் சொல்வேன். கட்டிலில் உங்கப்பா. தலைமாட்டில் நர்ஸ். ஜன்னலோரம் நீ. அடுப்படி வாசலில் உன் பெண்டாட்டி, அவளை ஒட்டிக்கொண்டு ஒரு காலில் மட்டும் செருப்போடு என் பேத்தி. வாசற்படியில் எதிர்வீட்டுத் தையல்காரர். அத்தனை பேரும் விழித்திருந்தீர்கள். தூங்கியவள் நான் ஒருத்திதான்.

மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஆனால் ஞாபகம் கோணாது, அது உனக்கே தெரியும்.

பேக்கரியில் நாற்பத்தொரு வருஷம் நாங்கள் இருவரும் மாவு பிசைந்தோம். வெளியே வெளுக்கும்வரை பேச்சு கிடையாது. தண்ணீர் வேண்டுமென்றால் மாவுத் தொட்டியை இரண்டு தட்டு, அவ்வளவுதான். வெளுத்ததும் என் பக்கம் திரும்பி, விடிஞ்சிடுச்சு என்பார். எனக்குக் கண்ணில்லையா என்பேன். அன்றாடம் முதல் பேச்சு அதுதான், அதுவும் என்னிடம்தான். ஒருநாளாவது சாமி கும்பிடக் கூடாதா என்று ஒருமுறை கேட்டேன். இவ்வளவு நேரம் வேறென்ன செஞ்சிட்டிருந்தோம் என்றார்.

படுக்கையில் விழுந்த பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. நாலு மணிக்கு நான் போய் ஜன்னலைத் திறந்து பக்கத்தில் உட்கார வேண்டும். மூன்று நாள் கண் மூடாததால், அன்று மட்டும் நாலு மணிக்கு எழுப்பு என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் படுத்தேன். நீ எழுப்பவில்லை. நான் எழுந்தபோது அவர் போயிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, நான்தான்மா எழுப்பல என்றாய். ஊர் பார்க்க உன்னிடம், என் முகத்தில் விழிக்காதே என்றேன். நீயும் வேலையைச் சாக்கிட்டு அத்தனை தூரம் போய்விட்டாய். பதினோரு மாதம். உன் போன் மணி அடிக்க அடிக்கப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் அந்த நர்ஸ் ரொட்டி வாங்க வந்தாள். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துப் பேசிக்கொண்டே போனாள். நாலு மணிக்கு நீ என்னை எழுப்பக் கிளம்பினாயாம். உங்கப்பா உன் கையைப் பிடித்துவிட்டாராம்.

"அவளை எழுப்பாதே, தூங்கட்டும். கேட்டா நீதான் எழுப்பலன்னு சொல்லிடு. கோபம் உன்மேலன்னா நாலு நாள்ல ஆறிடும். என்மேலன்னா ஆயுசுக்கும் ஆறாது."

நீ கெஞ்சினாயாம். அவர் விடவில்லையாம். நாலு நாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார் மனுஷன். என்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்து என்ன கண்டார்?

அவர் போனதிலிருந்து அந்த ஜன்னலை நான் திறக்கவே இல்லை. இன்று நாலு மணிக்குத் திறந்தேன். முதலில் ஜன்னல் கம்பிகள் இருட்டிலிருந்து தனியாகப் பிரிந்தன. ஒரு பறவை ஒரே ஒரு முறை கூப்பிட்டுவிட்டு நிறுத்தியது. பிறகு கொடியில் கிடந்த துண்டுக்கு நிறம் வந்தது. கண் இமைக்காமல்தான் பார்த்தேன். ஆனாலும் இருட்டு எந்த நிமிஷத்தில் போனது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நாற்பத்தொரு வருஷத்தில் ஒருநாளும் அந்த நிமிஷம் என் கண்ணில் பட்டதில்லை. பக்கத்திலேயே விழித்திருந்தாலும் அவர் போனதும் அப்படித்தான் இருந்திருக்கும். கை தானாகக் குவிந்தது. யாரைக் கும்பிட்டேன் என்று கேட்காதே.

பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. பெரிய கட்டிலுக்கு விரிப்பு மாற்றியிருக்கிறேன். பேத்திக்குத் தனித் தலையணை வைத்திருக்கிறேன். இந்தத் தடவை போன் அடித்தால் எடுப்பேன். வந்து ஒருநாள் விடியும்வரை என் பக்கத்தில் உட்கார். பேச வேண்டாம்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். உன்னிடம் மன்னிக்க எனக்கு ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டிருந்த நர்ஸை மன்னித்துவிட்டேன். அன்று என்னைப் பார்த்து உச்சுக்கொட்டிய தையல்காரரைக்கூட விட்டுவிட்டேன். நாற்பத்தொரு வருஷம் எனக்கென்று வைத்திருந்த முதல் பேச்சை, கடைசி நாளில், வெளுப்பதற்கு முன்பே உன்னிடம் செலவழித்துவிட்டுப் போனாரே, அவரை மட்டும் மன்னிக்க மாட்டேன். உங்கப்பாவை.

உன் அம்மா