சாவி விஷயமாக

இந்திராணிம்மா,

குமரக்கோட்டத்து முருகன் மேல் ஆணை, இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது.

பட்டணத்து டாக்டருக்குச் சீட்டு வாங்க நீயும் கைலாசமும் கிளம்பினதும் என் பேத்தி தையலுக்கு மறுபடி வலிப்பு வந்துடுச்சு. பக்கத்து வீட்டு அங்கம்மாள் ஓடிவந்து ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டாள். தெருவில் அத்தனை தறியும் தானாகவே நின்றுபோனது. பழனிக்குக் காது மந்தம், அவன் தறி மட்டும் ஓடியது. எவ்வளவு நேரம் வருதுன்னு டாக்டர் கேட்பாராமே? பழனி தறிச் சத்தத்தை எண்ணினேன், தொண்ணூறு தட்டு.

நீ வேண்டாம்னு காலையில் சண்டை போட்டியே, அதே இரும்புச் சாவியைக் கையில் வைத்தேன். அடங்கிடுச்சு. “என்னா சக்திபா!” என்றாள் அங்கம்மாள்.

தூங்கி எழுந்ததும், கூப்பிட்டால் திரும்பாத நம்ம தையல், என் நூல் கண்டுகளை வரிசையாக அடுக்கினாள். உன் கல்யாணப் புடவைக் கரையில் இருக்கிற அதே நிற வரிசை! நெய்த எனக்கே பார்க்காமல் வராது. அந்தத் தலைக்குள் என்னதான் இருக்குதோ!

ஜரிகை வாங்கப் போகிறேன். அங்கம்மாள் குழந்தையோடு இருக்கிறாள். ரசம் அடுப்பு மேல். கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதே.

பி.கு. டாக்டரிடம் இதையும் சொல்லிடும்மா: நான் சாவியைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தபோது, வலிப்பு நின்று எட்டு தட்டு ஆகியிருந்தது.