மலைக்கு மேல் ஒற்றை மேக்னீட்டோ

மார்ச் 4, புதன்
நாளை பயிற்சி விமானத்தில் தனியாக நெடும்பயணம். பாதை எங்கள் கொல்லிமலை மேலேயே போகிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மிளகு காயப்போடுவதை விட்டுவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

மார்ச் 5
உயிரோடு இருக்கிறேன். முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

மலையில் அரியூர் நாட்டு ஊர்களுக்கு மேலே எஞ்சின் உதறத் தொடங்கியது. கீழே மரமும் பள்ளமும்தான், இறக்குவதற்கு இடமே இல்லை. காரவள்ளிப் பக்கம், சமவெளியைப் பார்த்துத் திருப்பினேன். பெட்ரோல் சரி. அப்படியென்றால் மேக்னீட்டோ. எஞ்சினுக்குப் பொறி கொடுக்க இரண்டு உண்டு. ஒன்று கெட்டால் எஞ்சின் சாவியைத் திருப்பி அதை அணைத்துவிட்டு மற்றதில் ஓட்ட வேண்டும். ஆனால் பறந்துகொண்டிருக்கும்போது சாவியைத் திருப்புவதா? கை வரவில்லை. பயிற்சியாளர் செங்கோடன் சார் வகுப்பில் கத்துவது காதில் கேட்டது: "மெதுவா! ஒவ்வொரு சொடுக்கா!"

ஒரு சொடுக்கு, இடது மட்டும் — உதறல் இன்னும் மோசம். அடுத்தது, வலது மட்டும் — அடங்கிவிட்டது. அதற்கும் அடுத்தது எஞ்சின் மொத்தமாக நிற்கும் இடம். சட்டென்று கையை எடுத்துவிட்டேன். ரேடியோவில் சொல்லிவிட்டு அப்படியே திரும்பி வந்து இறங்கினேன்.

மார்ச் 6
இடது மேக்னீட்டோதான் கெட்டிருந்ததாம். "நல்லாப் பண்ணுனீங்கம்மா. திங்கக்கிழமை மறுபடி போறீங்க" என்றார் சார்.

போவேனா? அந்தச் சாவியை மறுபடி தொடவே பயமாக இருக்கிறது. ஏன்டி பூங்குழலி, இதற்குத்தானே இத்தனை வருஷம் ஆசைப்பட்டாய்?

மார்ச் 7, வீட்டில்
"முந்தாநேத்து ஒரு ஏரோப்பிளேன் இருமிக்கிட்டே போச்சு கண்ணு. பாவம், ஆரு பெத்த புள்ளையோன்னு நெனச்சேன்" என்றாள் அம்மா.

"நீ பெத்த புள்ளதான்மா."

கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். இரண்டு பேரும் நன்றாக அழுதோம். அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டு, எப்படி இறக்கினேன் என்று ஒன்றுவிடாமல் கேட்டாள்.

"அப்ப, பயந்துக்கிட்டேதான் அத்தனையும் பண்ணியிருக்கறே?"

"ஆமாம்மா."

"இனியும் பயந்துக்கிட்டே போயிட்டு வா. நான் வேண்டாங்கல."

மார்ச் 9, திங்கள்
போனேன். எஞ்சின் ஒரே சீராக ஓடியது.

இறங்கியதும் அம்மாவின் போன். "நானும் உங்கப்பாவும் ஊட்டு முன்னால நின்னு கைய ஆட்டுனோமே, தெரிஞ்சுதா கண்ணு?"

தெரியவில்லை. மலைக்கு மேலே வந்தபோது எஞ்சின் மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை, உள்ளதைச் சொன்னேன்.

"அதையே பாரு சாமி. நாங்க எங்க போயிடப் போறோம்?"