மலரின் அப்பா ஊர் திரும்பிய கதை

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆடிக்காற்று இன்னும் ஓயவில்லை. ஸ்கூட்டியில் நல்லூர் வருவதற்குள் கண்ணெல்லாம் மண். எதிர்வீட்டு நிட்டிங் யூனிட்டிலிருந்து பஞ்சு பறந்து வந்து, காயப்போட்ட புடவை முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கிறது. மறுபடி அலச வேண்டும்.

எட்டு பி. முதல் இடைத்தேர்வுத் தமிழ்த்தாள் திருத்தினேன். கோடிட்ட இடம்: 'வெளியூரில் வேலை பார்த்த அப்பா நெடுநாள் கழித்து வீடு திரும்பினார். மலர் ______ அடைந்தாள்.' வகுப்பு மொத்தமும் மகிழ்ச்சி. கவின் மட்டும் 'மட்டற்ற மகிழ்ச்சி.' கூட ஒரு மார்க் கிடைக்கும் என்று நினைத்திருப்பான்.

ஜெனிபர் அந்தக் கோட்டை வெறுமனே விட்டிருந்தாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை, மற்ற எல்லாம் சரி. கூப்பிட்டுக் கேட்டேன். தெரியவில்லை என்றாள். இதில் தெரியாமல் போக என்ன இருக்கிறது என்றேன்.

"மலருக்கே தெரியாது மிஸ்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஸ்டாஃப் ரூமுக்கு வந்த பிறகுதான் அது சிரிக்கிற பதில் இல்லை என்று தோன்றியது. விடைக்குறிப்பில் மகிழ்ச்சி தவிர வேறு சொல் இல்லை. அந்த இடத்தில் மட்டும் சிவப்பு மை படாமல் தாளை மடித்து வைத்தேன்.

அவர்கள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். அம்மா அருள்மேரி பனியன் கம்பெனியில் செக்கிங். ஒரு தம்பி, மூன்றாவது படிக்கிறான். அப்பாவை நான் பார்த்ததே இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

தக்காளி, சோப்பு, தலைவலி மாத்திரை. மாத்திரையை மறந்தாகிவிட்டது.

மதியம் முதல் பீரியட் கதை நேரம். பாடத்தில் இருப்பதைப் படிக்காமல் மலர் கதையையே எடுத்தேன். அப்பா பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறார், கதவு திறக்கிறது, அதற்கப்புறம் நீங்களே சொல்லுங்கள். சரி தப்பு கிடையாது.

முதலில் மனசுக்கு என்னென்ன சொல் தெரியும் என்று கேட்டுப் பலகையில் எழுதினேன். சந்தோஷம், சோகம், கோபம், பயம். அதோடு நின்றுவிட்டார்கள். எட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் எத்தனை கதை படித்திருப்பார்கள்! கொஞ்சம் கிண்டியதில் கடுப்பு, டென்ஷன், போர். பீகார்ப் பையன் ராகேஷ், எப்போதும் வாயே திறக்காதவன், எழுந்து "மன் நஹீ லக்தா மிஸ்" என்றான். அப்படியென்றால் என்னடா என்றால், இங்கே வந்த புதிதில் அப்படித்தான் இருந்ததாம், எல்லாம் இருக்கும், எதிலும் மனசு ஒட்டாதாம். எழுதிக்கொண்டேன். பிள்ளைகளுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துவிட்டது. கணக்குப் பீரியடில் மன் நஹீ லக்தா என்று ஒரே பேச்சாம், கணக்கு டீச்சர் வந்து சொன்னார்.

கதையைப் பலரும் கட்டிப்பிடித்தாள், பாயசம் வைத்தார்கள் என்று முடித்தார்கள். ஜெனிபர் தானாகவே எழுந்தாள்.

மலர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாளாம். முகத்தைப் பார்க்கவில்லையாம். எப்படிம்மா இருக்கே என்று அப்பா கேட்டாராம். நீங்கள் இல்லாமலேயே நல்லாத்தான் இருந்தோம் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் உள்ளே போய்விட்டாளாம். அவ்வளவுதான் கதை.

பலகையில் எந்தச் சொல்லைச் சேர்ப்பது என்று கேட்டேன்.

"கோபம்தான் மிஸ். ஆனா அவரு மெலிஞ்சு போயிருந்தாரு. அதைப் பாத்தப்ப என்னமோ மாதிரி இருந்துச்சு. ரெண்டும் இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. மனசில் இருப்பதை இருக்கிறபடி சொல்வதில் தப்பில்லை என்று வகுப்புக்குப் பொதுவாகச் சொன்னேன். இந்த வருஷத்தில் உருப்படியாக ஒரு வகுப்பு எடுத்ததாக எண்ணி, வரும் வழியில் எனக்கு நானே ஒரு இளநீர் வாங்கிக் குடித்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி வெள்ளி. அம்மன் கோயில் வாசலில் கூழ் வாங்கக் கூட்டம், டவுன் பஸ் நகரவே இல்லை, பின்னால் என் ஸ்கூட்டியும். பள்ளிக்குப் பத்து நிமிடம் தாமதம்.

உள்ளே நுழைந்தால் அருள்மேரி உட்கார்ந்திருக்கிறார். கம்பெனியில் ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டு வந்திருக்கிறார், கழுத்தில் ஐடி கார்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கோபமாக வந்தவர் மாதிரி தெரியவில்லை. அதனாலேயே எனக்குச் சங்கடம்.

அப்பா நிஜமாகவே வந்திருக்கிறார். போன வாரம். கேரளாவுக்குக் கட்டட வேலைக்கு என்று போனவர், இரண்டு மாதத்தில் வருவதாகச் சொன்னவர், கொஞ்ச நாளில் போனும் பேசாமல் ஆகிவிட்டார். இரண்டு வருஷம் கழித்து ஒரு பையோடு வாசலில் வந்து நின்றிருக்கிறார். இப்போது சாயப்பட்டறை ஒன்றில் லோடு ஏற்றும் வேலைக்குப் போகிறாராம்.

நேற்று பிள்ளைக்கு ஒரு சுடிதார் வாங்கி வந்திருக்கிறார். நல்லாருக்குன்னு சொல்லு, சந்தோஷம்னு சொல்லு என்று அம்மா சொல்லியிருக்கிறார். ஜெனிபர் அதைத் தொடவில்லை. எனக்குச் சந்தோஷமா இல்ல, கோபமாத்தான் இருக்கு, இருக்கறதை இருக்கறபடி சொல்லலாம்னு மிஸ் சொல்லிருக்காங்க என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டாளாம். அவர் சாப்பிடாமல் வெளியே போய்ப் பெட்டிக்கடைப் பக்கம் ரொம்ப நேரம் நின்றிருந்தாராம்.

"நானே மனச கல்லாக்கிட்டுதான் டீச்சர் அவியள உள்ள விட்டேன். வீடு ஒண்ணாயிரும்னு நெனச்சேன். இவ இப்படி சொல்லுதா. நீங்க கதைல சொல்லிக் குடுத்ததுன்னு சொல்லுதா. அந்தக் கதைய நீங்களே நல்லபடியா முடிச்சி விட்டுருங்க டீச்சர். நீங்க சொன்னா கேப்பா."

சரிங்க, பேசறேனுங்க என்றேன். வேறு என்ன சொல்ல.

அவள் சொன்னது மலர் கதை இல்லை. அது எனக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். இளநீர் வேறு.

ஆகஸ்ட் 9, சனி

விடுமுறை. புடவை மூன்றாவது முறை அலசல். வெள்ளகோவிலிலிருந்து அம்மா போன். எப்படி இருக்கறே கண்ணு என்றார். பரவால்லம்மா என்றேன். தங்கச்சி எப்படி என்றேன். பரவால்ல என்றார். மழை? அதுவும் பரவால்ல.

இவர் கம்பெனி ஷிப்மெண்ட் தள்ளிப்போனதில் இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. என்னங்க ஆச்சு என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, டென்ஷன்." ஜெனிபர் வீட்டு விஷயத்தைச் சொன்னேன். போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், அதுவே அதிசயம். "அந்தாளு திரும்பி வந்தாரே, அதப் பாக்க வேண்டாமா?" என்றார். "அந்தப் பிள்ள ரெண்டு வருஷம் பாத்துட்டு இருந்துச்சே" என்றேன். இரண்டும் சரி. தோசை கருகியதுதான் மிச்சம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஹெச்.எம். கூப்பிட்டு அனுப்பினார். அருள்மேரி அவரிடமும் சொல்லியிருக்கிறார். ஹெச்.எம். நல்ல மாதிரி, சத்தம் போடமாட்டார்.

"ஏனுங்க டீச்சர், கதை சொல்றது நல்லதுதானுங்க. அதுக்காக ஊட்டு விஷயமெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வரக்கூடாதுங்க. நல்ல முடிவா ஒண்ணச் சொல்லி முடிச்சுருங்க. குழந்தைங்க மனசுல நல்லதுதான் பதியோணும்."

சரிங்க மேடம்.

வீட்டுக்கு வந்து ஒரு கதை தயார் செய்தேன். மலருக்குக் காய்ச்சல். அப்பா கண்விழித்துப் பார்த்துக்கொள்கிறார். விடிந்ததும் மலருக்கு அப்பாவின் அன்பு புரிகிறது. மன்னிக்கிறாள். பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. இப்படிப்பட்ட கதை எவ்வளவு சுலபமாக வருகிறது! நாமும் இதையே படித்துத்தானே வளர்ந்தோம். கதையில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் யாரோ ஒருவர் மனம் திருந்துவார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கரண்ட் இல்லை. வகுப்பில் புழுக்கம், ஜன்னலைத் திறந்தால் மண்.

கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். காய்ச்சல் வரைக்கும் வந்தாயிற்று. பிள்ளைகள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், எனக்கும் குரல் நன்றாக இறங்கி வந்தது. அப்பா ஈரத்துணி வைக்கும் இடத்தில் ஜெனிபர் கையைத் தூக்கினாள்.

"மிஸ், இது எனக்காகச் சொல்றீங்களா?"

மரியாதையாகத்தான் கேட்டாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"ஆமா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். கண் கலங்கவில்லை. தெரிந்த விஷயத்தைச் சரிபார்த்துக்கொண்ட மாதிரி. எனக்கு மேலே சொல்லத் தோன்றவில்லை. கதையை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்றேன். மலர் மன்னிச்சாளா மிஸ் என்று கவின் விடாமல் கேட்டான். அது மலர் பாடு, நாம் சொல்ல முடியாது என்றேன். அவனுக்குப் பெரிய ஏமாற்றம். மீதிப் பீரியட் இலக்கணம்.

மணி அடித்த பிறகு அவளிடம் போய், அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, என் தப்புதான் என்றேன். பரவால்ல மிஸ் என்றாள். பரவால்ல. என்னிடமிருந்துதான் கற்றிருப்பாளோ.

ஹெச்.எம்.மிடம் கதை முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை. முடிக்கப் போவதில்லை என்று சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிலபஸ் பாக்கியில்லாமல் பார்த்துக்குங்க என்றதோடு விட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் தூறல். நாளைக்குக் கொடியேற்றம், பிள்ளைகளுக்கு மிட்டாய் பொட்டலம் போடும் வேலை.

பள்ளி விட்டு ஸ்கூட்டியை எடுக்கும்போது கேட் பக்கத்தில் ஒருவர். மெலிந்த ஆள், வேட்டி இல்லை, பேண்ட். விரல் நகத்தோரம் நீலச் சாயம். ஜெனிபரோட அப்பா என்றார். அவள் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஏற்கெனவே போய்விட்டாள். அவள் போகட்டும் என்றுதான் காத்திருந்தாராம்.

பள்ளிக்கூடத்தையே திட்டப் போகிறார் என்று நான் தயாரானேன். அவர் கேட்டது வேறு.

"நீங்க ஒரு கதை சொன்னீங்களாம்லா டீச்சர். அந்தப் பிள்ள கடைசில என்ன செய்யும்?"

இன்னும் முடிக்கவில்லை என்றேன். நானாக ஒரு முடிவு சொல்லப் பார்த்ததையும், அவள் கண்டுபிடித்துவிட்டதையும் சொன்னேன். லேசாகச் சிரித்தார். சின்னதிலயே அப்படித்தான், ஏமாத்த முடியாது என்றார். கொஞ்சம் பெருமை இருந்தது அந்தக் குரலில்.

ஏன் போன்கூடப் பேசவில்லை என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்டுவிட்டேன்.

ஒரு கம்பெனி வேன் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. பிறகு சொன்னார். போன இடத்தில் வேலை நின்றுபோனதாம்.

"வெறுங்கையோட என்னத்தப் பேசன்னு ஒரு மாசம் போன் போடல டீச்சர். வெக்கமா இருந்திச்சி. ஒரு மாசம் போடாதவன் எப்படிப் போடன்னு, அப்பொறம் இன்னும் வெக்கமாப் போச்சி. அப்படியே போயிட்டு."

பலகையில் நாங்கள் அத்தனை சொல் எழுதினோம். வெட்கம் அதில் இல்லை. ஒரு பிள்ளைக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"இதை என்கிட்டச் சொல்லிப் பிரயோஜனமில்லீங்க. அவகிட்டச் சொல்லுங்க" என்றேன்.

"பிள்ளகிட்ட எப்படி டீச்சர்."

"இப்ப என்கிட்டச் சொன்னீங்கல்ல, அதே மாதிரிங்க."

கும்பிட்டுவிட்டுப் போனார். நானே ஜெனிபரிடம் எடுத்துச் சொல்லலாமா என்று வழி முழுக்க யோசனை. வேண்டாம். ஒரு தடவை பட்டது போதும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடி, மிட்டாய், வெயில். ஜெனிபர் வந்திருந்தாள், கூட்டுப்பாட்டில் இரண்டாம் வரிசை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நானும் தேடுவதை நிறுத்த வேண்டும்.

மதியம் இவரோடு பிரியாணி. ஷிப்மெண்ட் போய்விட்டது. டென்ஷன் தீர்ந்ததா என்றேன். டென்ஷன் இல்ல, பயமா இருந்துச்சு, வேலைய விட்டு அனுப்பிருவாங்கன்னு என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. இன்னொரு துண்டு அவர் தட்டில் வைத்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காற்று குறைந்துவிட்டது. ஆடி போய்விட்டது அல்லவா.

இன்று முதல் இடைத்தேர்வு ரேங்க் கார்டு. பெற்றோர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். காலையில் பிரேயருக்கு முன்னாலேயே ஜெனிபர் என் மேஜைப் பக்கம் வந்து நின்றாள்.

"மிஸ், இன்னிக்கு அம்மா வரமாட்டாங்க. அப்பாவைத்தான் வரச் சொல்லிருக்கேன்."

சரி என்றேன். போகாமல் நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுல இருந்து நடந்து வர்றப்ப சொன்னாரு. வெக்கமா இருந்துச்சாம். அதான் போன் பண்ணலையாம்."

ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டுக்கொண்டேன். நீ என்ன சொன்னாய் என்றேன்.

"ஒண்ணும் சொல்லல. கோபம் போகல மிஸ். அப்படியேதான் இருக்கு. இருந்தாலும் வரட்டும்."

மதியம் வந்தார், சட்டை அயர்ன் செய்து. மற்ற பெற்றோருக்குப் பின்னால் வரிசையில் நின்றார். முறை வந்ததும் ஜெனிபர் முன்னே வந்து, "எங்க அப்பா மிஸ்" என்றாள், எனக்கு அவரைத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. நாங்கள் இருவரும் புதிதாகப் பார்ப்பதுபோல் வணக்கம் சொல்லிக்கொண்டோம்.

தமிழில் மார்க் குறைந்திருக்கிறதே என்று கேட்டார். ஒரு கோடிட்ட இடம் விட்டுவிட்டாள், மற்றபடி நன்றாக எழுதுகிறாள் என்றேன். எந்த இடம் என்று கேட்கவில்லை. கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். சட்டைப் பையைத் தடவினார், பேண்ட் பையைத் தடவினார். ஜெனிபர் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து ஒரு பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவர் பக்கம் திரும்பாமலே நீட்டினாள்.