ஒன்று புள்ளி இரண்டு மீட்டர்

ஜூன் 3
பாலத்தடியில் புதுக் கருவி பொருத்திவிட்டார்கள். ஆற்றின் மட்டத்தைத் தானே அளந்து தலைமை அலுவலகத் திரைக்கு அனுப்புமாம். பதினெட்டு வருஷமாக அளவுக்கம்பத்தைக் கண்ணால் பார்த்து எழுதுகிறவள் நான். "இனிமே நீங்க ரெஸ்ட் எடுக்கலாம்மா" என்றார் பொறியாளர். ஓய்வெடுத்து என்ன கண்டேன்? வழக்கம்போல் பதிவேட்டில் எழுதினேன்.

ஜூன் 19
அக்கா தன் விடுதிக்கு ஆற்றுக்குள்ளேயே மேடை கட்டுகிறாள். வேண்டாமென்றேன். மொத்த மழை பழைய அளவுதான், ஆனால் ஒரு மாத மழை இப்போது இரண்டே நாளில் கொட்டுகிறது, மலை தாங்காது என்றேன்.
"ஆத்தப் பாத்துப் பாத்து உன் மூளையெல்லாம் தண்ணியாப் போச்சு." உடன்பிறப்பு!

ஜூலை 8
ஐந்து நாளாகக் கருவி 1.2 மீட்டரிலேயே நிற்கிறது. ஆறு இவ்வளவு ஒழுக்கமாக இருந்து நான் பார்த்ததில்லை. எட்டிப் பார்த்தேன் — கருவியின் குழாய்க்குள் சேறு. பொறியாளரிடம் சொன்னேன். "ஸ்க்ரீன்ல சரியாத்தானே இருக்கு?"

ஜூலை 11
காலை ஆறு மணிக்குக் கம்பத்தில் 2.0. ஏழுக்கு 2.9. வேரோடு மரங்கள் வருகின்றன. பொறியாளருக்கு போன் போட்டேன். "ஒன்னு புள்ளி ரெண்டுதான் காட்டுது. பதறாதீங்க."
அனுமதி கேட்டு நின்றால் ஆறு நிற்குமா? கீழ்த்தெருவில் கதவு கதவாகத் தட்டினேன். அக்கா விடுதியை விட்டு வரமாட்டேன் என்றாள். கையைப் பிடித்து இழுத்தேன். வழிநெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். எட்டரைக்கு மேடை போயிற்று, விடுதியின் கீழ்த்தளமும். கம்பத்தில் 4.6. ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை.

ஜூலை 12
"நீ வாய வச்ச, எல்லாம் போச்சு" என்றாள் அக்கா. அதோடு பேச்சு நின்றது.

ஜூலை 20
மெமோ. அனுமதியில்லாமல் பீதி கிளப்பினேனாம். பதிவேட்டிலுள்ள 4.6ஐக் கருவியோடு 'ஒத்துப்போகும்படி' திருத்த வேண்டுமாம். "வெள்ளம் தெருவுக்கு வந்துச்சு, ஆத்துக்கு மட்டும் வரலன்னு எழுதட்டுமா சார்?" பொறியாளர் சிரிக்கவில்லை. நான் திருத்தவில்லை.

ஆகஸ்ட் 2
தண்டனை மாற்றல். மலையுச்சி மழைமானி நிலையம். கடைசி ஆறு கிலோமீட்டருக்கு வண்டி கிடையாது. என் முட்டியை நினைத்துத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 9
நேற்றே ஏறி வந்துவிட்டேன். ஓர் அறை, ஒரு மழைமானி. இங்கே விழும் மழை பாலத்தடிக்கு இறங்க நான்கு மணி நேரம். கீழே இருந்தபோது தெருவை எச்சரிக்க எனக்குக் கிடைத்தது ஒன்றரை மணி. தண்டித்தவர்கள் இதை யோசிக்கவில்லை போலும்.
காலையில் அறுபத்திரண்டு மில்லிமீட்டர். அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு அக்காவுக்கு போன் போட்டேன். எடுத்தாள். மழை அளவை மட்டும் சொன்னேன்.
அக்கா சொன்னாள், "மத்தியானமும் பாத்துச் சொல்லு. தெருவுல கேக்குறாங்க."