புட்டியை மறக்கடித்த மூன்று நாட்கள்

இன்று காலை மாங்காட்டில் மகள் வீட்டு அடுப்பில் பால் புட்டியின் ரப்பர் கொதித்துக்கொண்டிருந்தது. வெந்த ரப்பரும் பால் கவிச்சியும் கலந்த அந்த வாசனை கூடத்துக்கு வந்ததும், கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். பேரனுக்கு ஒரு வயது முடிந்துவிட்டது. புட்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். அவனோ டம்ளரைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொள்கிறான். இரண்டு நாளாகப் போராடித் தோற்றுப்போன மகள் கண்கலங்கக் கேட்டாள்: "எனக்கு எப்படிப்பா மறக்கடிச்சீங்க? அம்மா அப்போ ஆஸ்பத்திரியிலதானே இருந்தாங்க?"

"நான்தாம்மா டம்ளர்ல பழக்கினேன்" என்று சொல்லிவிட்டேன்.

உன் பெயரை இன்றும் சொல்லவில்லை, நண்பா. படிக்க நீ இல்லை என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

எண்பதுகளின் நடுவில் அண்ணனூரில் ரயில் பாதையை ஒட்டிய அந்த வரிசை வீடுகளில் எனக்கு முதல் வீடு, உனக்குக் கடைசி அறை. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருவருக்கும் ஒரே பட்டறை, அடுத்தடுத்த லேத். நீ ஒண்டிக்கட்டை. சம்பளத்தில் பாதி சாராயக் கடைக்குப் போகும். குழந்தைக்கு ஏழு மாதம் ஆனபோது என் மனைவிக்கு இருமலில் ரத்தம் வந்தது. காசநோய் என்றார்கள். ஆறு மாதமாவது ஆஸ்பத்திரியில் இருக்கட்டும், பிள்ளையைக் கிட்டே விடாதீர்கள் என்றார்கள். அவளைச் சேர்த்துவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மின்சார ரயிலில் வந்து இறங்கினேன். என் அம்மா ஊரில் படுத்த படுக்கை. மனைவிக்குப் பிறந்த வீடு என்று சொல்ல யாருமில்லை. நீ வாசலில் நின்றுகொண்டிருந்தாய்.

"இன்னா மச்சான், கொயந்தய யாரு பாத்துக்குவா?"

"தெரியலடா."

"நீ ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போ. நா செகண்ட் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கிறேன். நடுவுல ஒரு மணி நேரந்தான? பக்கத்தூட்டு அக்கா பாத்துக்கும். இதுக்குப் போயி மூஞ்சத் தொங்கப் போட்டுகினு நிக்கிற."

அப்படித்தான் இரண்டு ஆண்கள் சேர்ந்து ஒரு பிள்ளையை வளர்க்கத் தொடங்கினோம். விடியற்காலையில் நான் பால் கலக்கிப் புட்டியில் ஊற்றி வைத்துவிட்டுப் போவேன். அவள் அழும்போதெல்லாம் அதையே நீ வாயில் வைப்பாய். வெயில் ஏற ஏற அந்தப் பால் என்னவாகும் என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. பேதி வந்தது. நின்றது. மறுபடி வந்தது. பத்தாவது மாதத்தில் நான்காவது முறை அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கண் உள்ளே போய், தலை துவண்டு, அழக்கூடச் சத்தம் இல்லாமல் கிடந்தாள். இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்த டாக்டரம்மா, என் பையிலிருந்த புட்டியை வெளியே எடுத்து ரப்பரைத் திருப்பிக் காட்டினார். உள்ளே பச்சையாகப் படிந்திருந்தது.

"இதுதான் உங்க பொண்ணோட வியாதி. இனிமே டம்ளர்ல கொடுங்க. திரும்பவும் புட்டியைக் கொடுத்து இங்க கொண்டுவந்தீங்கன்னா நான் காப்பாத்துவேன்னு சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்ததும் நீ அந்தப் புட்டியைத் துணியில் சுற்றி, அம்மிக்குழவியால் அடித்து நொறுக்கினாய்.

முதல் நாள் அவள் டம்ளரைத் தட்டிவிட்டாள். பால் புகட்டும் பாலாடைக் கிண்ணத்தின் மூக்கைக் கடித்துத் துப்பினாள். நான் மடியில் போட்டுக் கையைப் பிடித்துக்கொள்ள, நீ வாயில் ஊற்றப் பார்த்தாய். புரையேறி அவள் முகம் நீலமானபோது இருவரும் நடுங்கிப்போனோம். அதன்பிறகு நீ குனிந்து டம்ளரை நீட்டினால் அவள் பால் வருவதற்கு முன்பே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உன் வாயிலிருந்து வந்த சாராய வாடைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. நீயே கண்டுபிடித்தாய். எழுந்து போய்க் குளித்து, வேப்பங்குச்சியால் பல் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாய். அன்று நீ வேலைக்கும் போகவில்லை, கடைக்கும் போகவில்லை.

இரண்டாம் நாள், குடிக்காததால் உன் கை நடுங்க ஆரம்பித்தது. வலது மணிக்கட்டை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு டம்ளரை நீட்டினாய். பாதிப் பால் தரையில் கொட்டியது. உனக்கு வியர்த்து ஊற்றியது. குழந்தை கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தாள். ஸ்பூனில் தொட்டு வைத்த கஞ்சித் தண்ணீர் கொஞ்சம் உள்ளே போனதோடு சரி. காலையிலிருந்து துணி ஒரு முறைதான் நனைந்திருந்தது. மத்தியானம் என்னால் முடியவில்லை. சட்டையை மாட்டினேன்.

"எங்க போற?"

"புட்டி வாங்க. பட்டினியில செத்துப்போயிடுவாடா."

நீ எழுந்து கதவில் சாய்ந்து நின்றாய். பல் கிடுகிடுக்கப் பேசினாய். "புட்டியால சாவறதுக்கு இது மேல் மச்சான். டாக்டரம்மா சொன்னது உனுக்குக் கேக்கல? வாங்கியாந்தீன்னா ஒடச்சுடுவேன். எத்தினி வாங்கியாந்தாலும் ஒடச்சுடுவேன்."

நான் உன்னைப் பிடித்துத் தள்ளினேன். "குடிகாரப் பயலே, உனக்கென்னடா தெரியும் பெத்தவன் வயித்தெரிச்சல்" என்று கத்தினேன். நீ கீழே விழுந்தாய். எழுந்து, திரும்பவும் அதே கதவில் போய்ச் சாய்ந்துகொண்டாய். அதற்கு மேல் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்து அழுதேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். உன்னால் டம்ளரைப் பிடிக்கவே முடியவில்லை. "நீயே புடிச்சுக்கோ தாயீ, மாமனால ஆவல" என்று, கால் டம்ளர் பாலை அவள் முன்னால் தரையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாய். அவள் உன்னைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். தவழ்ந்து வந்து, இரண்டு கையாலும் இழுத்து வாயருகே சாய்த்தாள். மூக்கிலும் நெஞ்சிலும் வழிந்தது. ஆனாலும் ஒரு மடக்கு உள்ளே போகும் சத்தம் கேட்டது. நாம் வாயில் திணித்ததைத்தான் அவள் மறுத்திருக்கிறாள். நீ மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தாய். இன்னும் கொஞ்சம் ஊற்றும்படி எனக்குக் கண்ணால் சொன்னாய். ஊற்றினேன். குடித்தாள். அப்போதுதான் நீ சுவரில் தலையைச் சாய்த்து, சத்தமில்லாமல் அழுதாய்.

அதன்பிறகு அவளுக்குப் பேதி வரவில்லை. உன்னைப் பார்த்தால் "மாமா" என்று டம்ளரைத் தூக்கிக் காட்டுவாள். அவள் சொன்ன முதல் வார்த்தையே அதுதான்.

என் மனைவி குணமாகி வீடு திரும்பியபோது பிள்ளை நடந்துகொண்டிருந்தாள். கொழுகொழுவென்று இருந்தவளை அணைத்துக்கொண்டு, "தனியா எப்படிங்க சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். கடைசி அறைக்காரன் கொஞ்சம் ஒத்தாசை செய்தான் என்றேன். ஒற்றை ஆளாக வளர்த்தவன் என்ற பேர் எனக்கு இனித்தது. நீயும் அதற்குள் பழையபடி குடிக்கத் தொடங்கியிருந்தாய். ஒரு நாள் தள்ளாடிக்கொண்டு வந்து குழந்தையைத் தூக்கப் போனாய். என் மனைவி பயந்துபோனாள். "குடிச்சிட்டு வர்றவர் கையில புள்ளையைக் கொடுக்காதீங்க" என்றாள். அவள் சொன்னதில் தவறில்லை. அவளுக்கு உன்னைத் தெரியாது. தெரிந்திருந்த நான்தான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ வந்தாய். குளித்து, தலை வாரி, வெளுத்த சட்டை போட்டிருந்தாய். அன்று நீ குடித்திருக்கவில்லை. அதையும் நான் கவனித்தேன்.

"ரூம காலி பண்ணிட்டேன் மச்சான். ஆவடி பக்கம் போறேன். கொயந்தய ஒரு தபா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

உள்ளே மனைவி இருந்தாள். நான் கதவைப் பாதிக்கு மேல் திறக்கவில்லை.

"தூங்குதுடா" என்றேன்.

சொல்லி முடிக்கவில்லை. உன் குரலைக் கேட்டுவிட்டு உள்ளேயிருந்து குழந்தை "மாமா, மாமா" என்று கூப்பிட்டாள். உனக்கும் கேட்டது. உன் முகம் மலர்ந்தது. பிறகு என் கை கதவிலேயே இருப்பதைப் பார்த்தாய்.

"சரி மச்சான்" என்றாய். "தூங்கட்டும்."

அதற்கப்புறம் நீ பட்டறைக்கு வரவில்லை. இரண்டு வருடம் கழித்து, ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோனாய் என்று யாரோ சொன்னார்கள். எடுத்துப் போட ஆளில்லாமல் ஒரு நாள் முழுக்கக் கிடந்தாயாம். எனக்குத் தெரிய வந்தபோது ஒரு வாரம் ஆகியிருந்தது.

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். எல்லாம் மறந்துவிட்டது. நீ என்னைத் திட்டவே இல்லை. என் பொய்யை என் கண்ணெதிரிலேயே உண்மையாக்கிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாய். நீ தெருமுனை திரும்பும்வரை அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளும் போட்டேன்.